பிரிட்டன் அரசியலும் அன்றாட வாழ்க்கையும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டன் வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. அதில் பெரும்பகுதி கிழக்கு லண்டனில் உள்ளூர்ச் செய்தியாளராகவே ஓடியது. உள்ளாட்சிக் கவுன்சில் கூட்டம், மாஜிஸ்திரேட் நீதிமன்றம், மூடப்போகும் நூலகம், பூஞ்சை பிடித்த வீடு, இவைதான் என் செய்திகள். ஊரிலிருந்து பேசும் சொந்தக்காரர்கள், ஈஸ்ட் ஹாம் கடையில் வெங்காயம் பொறுக்கும்போது நிறுத்திக் கேட்பவர்கள், புதிதாகப் படிக்க வந்திருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள். போனில் பாதி சொல்லி மீதியை விட்டுவிடுகிறேன் என்பதால் ஒரேயடியாக எழுதி வைக்கிறேன்.

கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். கருத்துகள் என்னுடையவை, நீங்கள் மறுக்கலாம்.

பிரிட்டன், இங்கிலாந்து, யு.கே. எல்லாம் ஒண்ணுதானே? ஏன் ஆளுக்கொரு பேர் சொல்றீங்க?

ஒன்றில்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றும் சேர்ந்தது கிரேட் பிரிட்டன். அதோடு வட அயர்லாந்தும் சேர்ந்தால் யு.கே. பேச்சில் எல்லாவற்றையும் பிரிட்டன் என்றே சொல்லிவிடுகிறோம், இங்கேயும் அப்படித்தான் எழுதப்போகிறேன். ஆனால் அன்றாடத்தில் வித்தியாசம் நிறைய. டாக்டர் எழுதித்தரும் மருந்துக்கு 2024-லிருந்து இங்கிலாந்தில் ஐட்டத்துக்கு 9.90 பவுண்ட், மற்ற மூன்று இடங்களிலும் இலவசம். அங்கெல்லாம் மருத்துவமும் பள்ளிக்கூடமும் அந்தந்த அரசுகளின் பொறுப்பு. அதனால் பிரதமர் டிவியில் வந்து மருத்துவமனைகளைச் சரிசெய்யப்போவதாகச் சொன்னால், அது இங்கிலாந்துக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சித்தி, அங்கே பிரதமரை மாத்திக்கிட்டே இருக்காங்களே, மக்கள் ஓட்டே போட வேண்டாமா?

மக்கள் தேர்ந்தெடுப்பது எம்.பி.யை. நம் ஊரைப் போலத்தான், பெரும்பான்மை உள்ள கட்சியின் தலைவர் பிரதமர். தலைவரைக் கட்சி மாற்றினால் பிரதமரும் மாறிவிடுவார், தேர்தல் தேவையில்லை. அப்படித்தான் 2016-ல் டேவிட் கேமரன் விலகிய பிறகு தெரசா மே, போரிஸ் ஜான்சன், லிஸ் டிரஸ், ரிஷி சுனக் என்று வரிசையாக வந்தார்கள். 2024 ஜூலையில் கியர் ஸ்டார்மர் பொதுத்தேர்தலில் ஜெயித்து வந்தார்.

எம்.பி.க்கள் கூடித் தலைவரை மாற்றுவதில் எனக்குப் பெரிய ஆட்சேபணை கிடையாது, அவர்கள் நாளைக்குத் தொகுதிக்குப் போய்ப் பதில் சொல்ல வேண்டியவர்கள். கட்சிக்குச் சந்தா கட்டும் உறுப்பினர்கள் ஓட்டுப்போட்டு, நடப்பிலிருக்கும் ஒரு அரசுக்குப் பிரதமரை அனுப்புவதுதான் எனக்குத் தவறாகப் படுகிறது. 2022 செப்டம்பரில் லிஸ் டிரஸ் வந்தது 81,326 உறுப்பினர்களின் ஓட்டில். அந்த மாதம் 23-ஆம் தேதி, பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லாமலேயே பெரிய வரிக்குறைப்பை அறிவித்தார்கள். சந்தை ஆடிப்போனது, இரண்டு வருட வீட்டுக்கடன் வட்டி சராசரியாக 6 சதவீதத்தைத் தாண்டியது. 49 நாளில் அவர் போய்விட்டார். வட்டி ஏறிய அந்த வாரம் கடனைப் புதுப்பிக்க வேண்டியிருந்த என் பக்கத்து வீட்டுத் தம்பதி இரண்டு வருடம் கூடுதலாகக் கட்டினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் சமையலறை மேஜையில் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு, பையனின் நீச்சல் வகுப்பை நிறுத்தினால் எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அரசியல் என்றால் எனக்கு அந்த மேஜைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

34 சதவீத ஓட்டுகூட வாங்காம 411 சீட்டா? இது எந்த ஊர் நியாயம்?

நம் ஊர் நியாயம்தான், இந்தியா இந்த முறையை இங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது. தொகுதியில் யார் முதலிடமோ அவருக்குச் சீட்டு, மற்ற ஓட்டெல்லாம் கணக்கிலேயே வராது. 2024-ல் லேபர் கட்சி 33.7 சதவீத ஓட்டில் 650-க்கு 411 பிடித்தது. ரிஃபார்ம் கட்சிக்கு 14.3 சதவீதம் விழுந்தும் 5 சீட்தான். அதைவிடக் குறைவாக, 12.2 சதவீதம் வாங்கிய லிபரல் டெமாக்ரட்ஸுக்கு 72. அவர்கள் ஓட்டு சரியான தொகுதிகளில் குவிந்திருந்தது, அவ்வளவுதான்.

ரிஃபார்ம் கட்சியின் குடியேற்றக் கொள்கையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஆனாலும் ஏழில் ஒருவர் ஓட்டுப்போட்ட கட்சிக்கு நூற்றில் ஒரு சீட்கூட வராத முறை சரியென்று என்னால் சொல்ல முடியவில்லை. முறையை மாற்ற 2011-ல் ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்து, மூன்றில் இரண்டு பங்குப் பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். மறுபடி கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

எலெக்‌ஷன் அன்னைக்கு லீவு உண்டா? விரலில் மை வைப்பாங்களா?

லீவும் இல்லை, மையும் இல்லை. 1935-லிருந்து பொதுத்தேர்தல் வியாழக்கிழமைகளில்தான் நடக்கிறது. காலை 7 முதல் இரவு 10 வரை வாக்குச்சாவடி திறந்திருக்கும், வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ போட்டுவிடுவார்கள். பள்ளிக்கூடம், சர்ச் ஹால், சில ஊர்களில் பப்கூட வாக்குச்சாவடி. என்னுடையது ஒரு தொடக்கப்பள்ளி. பிள்ளைகள் ஒட்டிய காகிதப் பூக்களுக்குக் கீழே மரத்தடுப்பு, அதில் சணல் கயிற்றில் கட்டிய ஒரு குட்டைப் பென்சில். மேஜையில் இருக்கும் அம்மா ஸ்கேலை வைத்து உங்கள் பெயர் மேல் கோடு போடுவார், சீட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டு மடித்துப் பெட்டியில் போடவேண்டும். இரண்டு நிமிட வேலை. முதல்முறை அந்தப் பென்சிலைப் பார்த்துப் பதறிப்போனேன், அழித்துவிட மாட்டார்களா என்று. பேனா கொண்டுபோகத் தடையில்லை.

2023 மே மாதம் வரை இங்கிலாந்தில் பொதுவாக அடையாள அட்டை கேட்டதில்லை, பெயரும் முகவரியும் சொன்னால் போதும். இப்போது கட்டாயம். முதியோர் பஸ் பாஸ் செல்லும், இளைஞர்களின் ரயில் அட்டை செல்லாது என்று விதி வைத்தார்கள், அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அந்த முதல் தேர்தலில் குறைந்தது 14,000 பேர் அட்டை இல்லாமல் திரும்பிப்போய், பிறகு வரவேயில்லை என்று தேர்தல் ஆணையமே சொன்னது.

நான் மிகவும் மதிப்பது முடிவு வந்த மறுநாளை. 2024 ஜூலை 5 காலையில் சுனக் பிரதமர் வீட்டு வாசலில் விலகல் உரை வாசித்துவிட்டுக் காரில் ஏறினார், மதியத்துக்குள் ஸ்டார்மர் அதே வாசலில் நின்று பேசினார். முந்தின இரவு சுனக்கின் தொகுதியில் முடிவு அறிவித்தபோது, தலையில் குப்பைத்தொட்டி மாட்டிக்கொண்டு கவுன்ட் பின்ஃபேஸ் என்ற பெயரில் போட்டியிட்டவரும் அதே மேடையில்தான் நின்றார். 500 பவுண்ட் டெபாசிட் கட்டியவர் எவரும் பிரதமருக்குப் பக்கத்தில் நிற்கலாம். அந்தக் காட்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அக்கா, எனக்கு இன்னும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைக்கேல்லை. நான் வோட் போட ஏலுமோ?

போடலாம்! இந்தப் பக்கத்தையே நான் எழுத உட்கார்ந்தது இந்தக் கேள்விக்காகத்தான். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். அந்த நாட்டுக் குடியுரிமையோடு செல்லுபடியாகும் விசாவில் இங்கே வசிக்கும் 18 வயது தாண்டியவர்கள் பொதுத்தேர்தல், உள்ளாட்சித் தேர்தல் இரண்டிலும் ஓட்டுப்போடலாம். படிக்க வந்த மாணவருக்கும் இது உண்டு, கேர் வொர்க்கர் விசாவில் வந்தவருக்கும் உண்டு. இத்தனைக்கும் இங்கே முப்பது வருடம் வாழும் ஒரு பிரெஞ்சுக்காரருக்குப் பொதுத்தேர்தலில் ஓட்டு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாமா என்று கேட்ட 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பிலும் அவருக்கு இல்லை, அந்த வருடம் சென்னையிலிருந்து படிக்க வந்திருந்த மாணவனுக்கு இருந்தது.

பெயரைப் பதிவு செய்தால்தான் ஓட்டு. ஆன்லைனில் ஐந்து நிமிடம், நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கொருமுறை கவுன்சிலிலிருந்து வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக் கடிதம் வரும், அதைக் குப்பையில் போடாதீர்கள். வங்கியில் கடன் கேட்கும்போதும் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது உதவும். நானே வந்து நான்கு வருடம் கழித்துத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். அந்த நான்கு வருடத்துக்குள் 2005 பொதுத்தேர்தல் போயேபோய்விட்டது, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. 2009-ல் நாடாளுமன்றச் சதுக்கத்தில் ஈழத்தமிழர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து போராடியபோது அங்கே பலரோடு பேசினேன். எத்தனையோ பேருக்குப் பதிவே இல்லை, தங்களுக்கு ஓட்டு உண்டென்றே தெரியாது. 2024-ல் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தின் மகளான உமா குமரன் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் ஜெயித்து நாடாளுமன்றம் போனார். தமிழர் ஒருவர் அங்கே உட்காரும் காலத்தில், நம் ஆட்களின் பெயர் பட்டியலில் இல்லையென்றால் எனக்குத் தாங்கவில்லை.

எம்.பி.யைப் பார்க்கணும்னா யார் சிபாரிசு வேணும்? கட்சிக்காரங்களைத் தெரிஞ்சிருக்கணுமா?

யாருடைய சிபாரிசும் வேண்டாம். நீங்கள் அவர் தொகுதியில் வசிக்க வேண்டும், அவ்வளவே. ஓட்டு இருக்கிறதா, யாருக்குப் போட்டீர்கள் என்பதெல்லாம் கேள்வியே இல்லை. பெரும்பாலும் வெள்ளி அல்லது சனிக்கிழமைகளில் நூலகத்திலோ சர்ச் ஹாலிலோ உட்கார்ந்து மக்களைப் பார்ப்பார்கள், அதற்கு சர்ஜரி என்று பெயர். பத்து நிமிடம்தான் கிடைக்கும் என்பதால் கதையை முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். விசா விஷயமென்றால் உள்துறை அலுவலக எண், கடைசியாக வந்த கடிதம், உங்களுக்கு என்ன வேண்டும் என்ற ஒரு வரி, மூன்றையும் மேலே வையுங்கள்.

இப்போது பெரும்பாலும் முன்பதிவு செய்துதான் போகமுடியும், வாசலில் பாதுகாப்பும் இருக்கலாம். அதற்குக் காரணம் இருக்கிறது. 2016 ஜூன் 16 அன்று ஜோ காக்ஸ் என்ற எம்.பி. தன் சர்ஜரிக்குப் போன இடத்தில் தெருவிலேயே கொல்லப்பட்டார். 2021 அக்டோபரில் டேவிட் ஏமஸ் என்ற எம்.பி. ஒரு மெதடிஸ்ட் சர்ச்சில் மக்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது குத்திக் கொல்லப்பட்டார். அதற்கு அடுத்த வாரமும் எம்.பி.க்கள் பலர் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். அரசியல்வாதிகளை விமர்சித்தே பிழைப்பு நடத்தியவள் நான், அந்த வாரம் அவர்களை நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

குப்பை எடுக்கலைன்னா எம்.பி.கிட்ட சொல்லலாமா? கவுன்சில்னா என்னதான் செய்யுது?

குப்பை, தெருவிளக்கு, நூலகம், வீட்டுவசதி, முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் பாதுகாப்பு, வீடு கட்ட அனுமதி எல்லாமே கவுன்சில். விசா, வரி, ஓய்வூதியம் என்றால் எம்.பி. உங்கள் வார்டு கவுன்சிலரின் மின்னஞ்சல் கவுன்சில் தளத்தில் இருக்கும், எழுதுங்கள்.

இதற்கு நாம் கட்டுவது கவுன்சில் டாக்ஸ். இங்கிலாந்தில் உங்கள் வீடு எந்தப் பேண்டில், அதாவது எந்த வரிப்படியில், வரும் என்பது 1991 ஏப்ரல் 1-ஆம் தேதி அது என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதை வைத்து. ஆமாம், இன்றும் 1991. அன்று 3,20,000 பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள எல்லா வீடும் ஒரே மேல்பேண்ட், அது சாதாரணப் பெரிய வீடானாலும் சரி, மாளிகையானாலும் சரி. மேல்பேண்ட் கட்டுவது கீழ்ப்பேண்டைப்போல மூன்று மடங்குதான். இதைவிட அநியாயமான வரி இந்த நாட்டில் இல்லை என்பேன். எந்தக் கட்சி வந்தாலும் மறுமதிப்பீடு என்றால் பயந்து ஓடுகிறது.

காசும் இல்லை. 2023 செப்டம்பரில் பர்மிங்காம் கவுன்சில் கிட்டத்தட்டத் திவாலாகிவிட்டதாக அறிவித்தது, அடுத்த வருடமே வரியைப் பத்து சதவீதம் ஏற்றினார்கள். 2025 மார்ச்சில் அங்கே குப்பைத் தொழிலாளர்களின் முழு வேலைநிறுத்தம் தொடங்கி, தெருவெல்லாம் மூட்டைகள் குவிந்தன. இருக்கிற பணத்தில் பெரும்பங்கு முதியோர், குழந்தைகள் பராமரிப்புக்குப் போய்விடுகிறது, அதைக் குறைக்கச் சட்டம் விடாது. குறைக்கக்கூடியது நூலகமும் பூங்காவும்தான்.

கவுன்சில் கூட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு யாரும் போய் உட்காரலாம், 2014-லிருந்து படம்பிடிக்கவும் உரிமை உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது பத்திரிகை பெஞ்சில் நான்கு பேர் இருப்போம். கடைசி சில வருடங்களில் பல இரவுகள் நான் மட்டும்தான். அந்தக் காலிப் பெஞ்சைப் பற்றி இன்னும் பேச வேண்டியிருக்கிறது, பத்திரிகைகள் பற்றிய கேள்வியில் வருகிறேன்.

இலவச வைத்தியம்னு சொல்றீங்க, ஆனா டாக்டரைப் பார்க்கவே முடியலைன்னும் சொல்றீங்க. எது உண்மை?

இரண்டுமே. 1948 ஜூலை 5 அன்று அனூரின் பெவன் அமைச்சராக இருந்தபோது என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவ அமைப்பு தொடங்கியது, பணம் பார்த்து வைத்தியம் கிடையாது என்பதுதான் அடிப்படை. இலவசம் என்பதைவிட முன்பே கட்டியாயிற்று என்பது சரி. வரியில் கட்டுகிறோம், விசாவில் வருபவர்களில் பெரும்பாலோர் தனியாக வருடத்துக்கு 1,035 பவுண்ட் வேறு கட்டுகிறார்கள், மாணவர்களுக்கு 776. ஓசியில் வைத்தியம் பார்க்கிறார்கள் என்று யாராவது உங்களைச் சொன்னால் இந்த எண்களைச் சொல்லுங்கள்.

ஒருநாள் இரவு பித்தப்பைக் கல் வலியில் சுருண்டுவிட்டேன். ஆம்புலன்ஸ் வந்தது, விடிவதற்குள் ஸ்கேன், அடுத்த நாள் ஆபரேஷன். கிளம்பும்போது பழக்கதோஷத்தில் கவுண்டரைத் தேடினேன், கவுண்டரே கிடையாது. அதே நான் முழங்கால் வலிக்கு நிபுணரைப் பார்க்க பதின்மூன்று மாதம் காத்திருந்தேன். உயிர் போகும் அவசரம் என்றால் இந்த அமைப்பு ஓடிவருகிறது, உயிர் போகாத வலியென்றால் காத்திரு என்கிறது. இங்கிலாந்தில் மட்டும் காத்திருப்புப் பட்டியல் 2023-ல் எழுபத்தைந்து லட்சத்தைத் தாண்டியது.

ஜி.பி. என்ற குடும்ப டாக்டரின் அப்பாயின்ட்மென்ட் கதை எல்லோருக்கும் தெரியும். காலை 7:59-க்குப் போன் செய்தால் இன்னும் திறக்கவில்லை என்கிறது, 8 மணிக்குச் செய்தால் வரிசையில் 31-ஆவது ஆள், 8:40-க்கு இன்றைக்கு முடிந்தது என்கிறார்கள். ரிசப்ஷனிஸ்ட் மேல் கோபப்படாதீர்கள், அவர் கையில் எதுவும் இல்லை. இங்கிலாந்தில் 2024 ஜனவரி கடைசியிலிருந்து தொண்டைவலி, காதுவலி, சைனஸ், பெண்களுக்கு வரும் சாதாரணச் சிறுநீர்த்தொற்று உட்பட ஏழு பிரச்சினைகளுக்கு மருந்துக்கடை ஃபார்மசிஸ்டே பார்த்து மருந்து தரலாம். நிறையப் பேருக்கு இது தெரியவில்லை. இரவில் சந்தேகமென்றால் 111, உயிர் ஆபத்தென்றால் 999.

பணக்கார நாட்டில் சோத்துக்கு வரிசையா? ஃபுட் பேங்க்னு படிச்சேன், நம்பவே முடியலை.

நம்புங்கள். 2022 அக்டோபரில் பணவீக்கம் 11.1 சதவீதம் வரை போனது, எரிவாயு, மின்சாரக் கட்டணம் அதற்கு முன்பே எகிறிவிட்டது. ட்ரஸ்ஸல் அமைப்பின் ஃபுட் பேங்குகள் மட்டும் 2024 மார்ச்சோடு முடிந்த வருடத்தில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட உணவுப்பைகளைக் கொடுத்தன. வேலை இல்லாதவர்கள் மட்டும் வருவதில்லை, சீருடையோடு வந்த ஒரு நர்சிங் அசிஸ்டென்டையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு சர்ச் ஹாலில் பை கட்டும் வேலைக்குச் சில மாதம் போனேன். அங்கே கெட்டில் பேக் என்று தனியாக ஒரு வரிசை. அடுப்பு இல்லாதவர்களுக்கும், அடுப்பு இருந்தும் முன்கூட்டிக் காசு போட்டால்தான் ஓடும் மீட்டரில் காசில்லாதவர்களுக்கும், வெந்நீர் ஊற்றினாலே சாப்பிடக்கூடியவை: கப் நூடுல்ஸ், சூப் பொடி, ஓட்ஸ். ஒரு அம்மா அரிசிப் பொட்டலத்தை எடுத்துத் திருப்பி வைத்தார். அரிசி வேக இருபது நிமிடம் ஆகும், அவ்வளவு நேரம் அடுப்பெரிக்க முடியாது என்றார். இந்த நாட்டைப் பற்றி நான் கேட்டதிலேயே மிகவும் வலித்த வார்த்தை அதுதான்.

அதனால்தான் 2024-ல் புதிய அரசு வந்த வேகத்தில் பெரும்பாலான முதியோரின் குளிர்கால எரிபொருள் உதவித்தொகையை நிறுத்தியபோது ஆத்திரப்பட்டேன். நிறையப் பேர் எதிர்த்த பிறகு 2025 ஜூனில் இறங்கிவந்தார்கள், வருடம் 35,000 பவுண்ட் வரை வருமானம் உள்ளவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. நடுவில் ஒரு குளிர்காலம் போய்விட்டது.

சுவரெல்லாம் கறுப்பா பூஞ்சை. ஜன்னலைத் திறந்து வைன்னு வீட்டுக்காரர் சொல்றார். உண்மையிலேயே என் தப்பா?

பெரும்பாலும் உங்கள் தப்பில்லை. குழம்பு வைத்தால் பூஞ்சை வரும், துணி உலர்த்தினால் வரும் என்று நம் ஆட்களிடம் சொல்லிச் சொல்லியே அனுப்பிவிடுகிறார்கள். ராச்டேல் ஊரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது, வீட்டுப் பூஞ்சைதான் காரணம் என்று விசாரணை அதிகாரி 2022-ல் சொன்னார். அந்தத் தகப்பன் 2017-லிருந்தே புகார் செய்துவந்தார். அந்தக் குழந்தையின் பெயரிலேயே வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தில் சோஷியல் ஹவுசிங் வீடுகளுக்கு, அதாவது கவுன்சிலோ லாபநோக்கில்லாத ஹவுசிங் அசோசியேஷனோ வாடகைக்கு விடும் வீடுகளுக்கு, அமலில் இருக்கிறது: அவசர ஆபத்தென்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை, கடுமையான ஈரம், பூஞ்சை என்றால் 10 வேலைநாளுக்குள் வந்து பார்க்க வேண்டும்.

போனில் மட்டும் சொன்னால் கையில் ஆதாரம் இருக்காது. எழுத்தில், தேதியோடு, படத்தோடு அனுப்புங்கள். "ஃபார்மல் கம்ப்ளெயின்ட்" என்ற இரண்டு வார்த்தையைத் தலைப்பில் போடுங்கள். கவுன்சில் வீடானாலும் ஹவுசிங் அசோசியேஷன் ஆனாலும் அதற்குப் பிறகு கெடுவுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். திருப்தியில்லையென்றால் ஹவுசிங் ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளர், அதற்கு ஒரு காசும் கிடையாது. தனியார் வீடென்றால் கவுன்சிலின் சுகாதாரப் பிரிவுக்கு எழுதுங்கள்.

பேப்பர்காரங்க எல்லாம் வெளிப்படையா கட்சி கட்டி எழுதுறாங்களே, நீங்க யாரைத்தான் நம்புறீங்க?

இங்கே இரண்டு உலகம். டிவி, ரேடியோவுக்கு ஆஃப்காம் என்ற கண்காணிப்பு அமைப்பு இருக்கிறது, செய்தியில் நடுநிலை சட்டப்படி கட்டாயம். அச்சுப் பத்திரிகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை, தேர்தலன்று யாருக்கு ஓட்டு என்று முதல் பக்கத்திலேயே சொல்லலாம். அது எனக்குப் பிரச்சினையில்லை, சொல்லிவிட்டுச் செய்கிறார்கள். பொய்தான் பிரச்சினை. 1989 ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் இறந்த லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர். ரசிகர்கள்தான் காரணம் என்று சன் பத்திரிகை பழிபோட்டதற்காக லிவர்பூலில் இன்றும் பலர் அதைத் தொடுவதில்லை. இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்ற தீர்ப்பு வர 2016 ஆனது.

காலிப் பெஞ்சுக்கு வருகிறேன். லண்டனில் கிரென்ஃபெல் அடுக்குமாடியில் வசித்தவர்கள், தீப்பாதுகாப்பைப் பற்றித் தங்கள் வலைப்பதிவில் 2016 நவம்பரிலேயே எச்சரித்து எழுதினார்கள். 2017 ஜூன் 14 அன்று தீப்பிடித்து 72 பேர் இறந்தார்கள். தபால் நிலைய ஊழலைப் பாருங்கள்: ஹொரைஸன் கம்ப்யூட்டர் தப்பாகக் கணக்குக் காட்டியதை வைத்து 900-க்கும் மேற்பட்ட சப்-போஸ்ட்மாஸ்டர்கள்மேல் திருட்டு, மோசடித் தீர்ப்பு வந்தது. தெற்காசியக் குடும்பங்கள் நிறைய. சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் உயிரை விட்டார்கள். அதை 2009-லேயே எழுதியது கம்ப்யூட்டர் வீக்லி என்ற தொழில் பத்திரிகை. நாடு முழுக்கக் கொதித்தது 2024 ஜனவரியில் டிவி நாடகமாக வந்த பிறகு. தண்டனைகளைச் சட்டம் போட்டு மொத்தமாக ரத்து செய்தது அந்த வருடம் மே மாதம். பதினைந்து வருடம்! சிறிய ஆட்கள் சொன்ன சிறிய புகார், யாரும் காது கொடுக்கவில்லை. நான் நம்புவது, புகார் சொன்னவர் வீட்டுக்கு நேரில் போய் உட்கார்ந்து கேட்டு எழுதும் செய்தியாளரை. அது எந்தப் பத்திரிகையாக இருந்தாலும் சரி.

பிரெக்ஸிட் தப்புன்னு இப்பவாவது ஒத்துக்கிறாங்களா?

பலர் வருந்துகிறார்கள், பலர் இல்லை. 2016 ஜூன் 23-ல் 51.9-க்கு 48.1. நான் இருந்துவிடலாம் என்று ஓட்டுப்போட்டவள். ஆனால் லிங்கன்ஷயரில் பாஸ்டன் என்ற ஊருக்குப் போய்ப் பேசியபோது என் முடிவு மாறவில்லை, மரியாதை மாறியது. 75.6 சதவீதம் பேர் வெளியேற ஓட்டுப்போட்ட ஊர், நாட்டிலேயே அதிகம். முட்டைக்கோஸ் வயல்களில் வேலைக்குக் கிழக்கு ஐரோப்பியர்கள் வந்தார்கள், ஊரில் வாடகை ஏறியது, டாக்டரிடம் வரிசை நீண்டது, யாரும் பணம் ஒதுக்கவில்லை. அவர்கள் சொன்ன குறை நிஜம், கொடுத்த மருந்துதான் தப்பு. வெளியேறிய பிறகு நிகரக் குடியேற்றம் குறையும் என்றார்கள், 2023-ல் அது வருடத்துக்கு 9 லட்சத்தைத் தாண்டியது.

2024 கலவரத்துக்குப் பிறகு அங்கே இருக்கப் பயமா இல்லையா? உண்மையைச் சொல்லுங்க.

அந்த ஒரு வாரம் பயந்தேன். ஜூலை 29-ல் சவுத்போர்ட்டில் நடன வகுப்பில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். செய்தவன் படகில் வந்த அகதி என்று ஒரு பொய் பரவியது, அவன் கார்டிஃபில் பிறந்தவன். மறுநாள் மசூதியைத் தாக்கினார்கள், பிறகு ரோதரமில் அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலுக்குத் தீவைத்தார்கள். ஊரிலிருந்து எனக்கு வராத போன் இல்லை.

ஆகஸ்ட் 7 மாலை வால்தம்ஸ்டோவில் நின்றேன். அங்கே தாக்குதல் வரும் என்று சொல்லியிருந்தார்கள். கடைகள் பலகை அடித்து மூடியிருந்தன. நம் ஆள் ஒருவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசலிலேயே நின்றார், உள்ளே போகச் சொன்னால் கேட்கவில்லை. ஆறு மணி, ஏழு மணி. தெரு நிறைய ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள், எல்லோரும் தாக்க வருபவர்களை எதிர்க்க வந்தவர்கள். தாக்க வருவதாகச் சொன்ன கூட்டத்தைக் காணவேயில்லை. கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிவிட்டுத் தண்ணீர் பாட்டில்களை எடுத்து வெளியே வைத்தார். சவுத்போர்ட்டிலும் மசூதியின் உடைந்த சுவரை அக்கம்பக்கத்தார்தான் வந்து கட்டினார்கள். வெறுப்பு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு கூட்டத்தையும் கண்ணால் பார்த்தவள் நான், எந்தக் கூட்டம் பெரிதென்று எனக்குத் தெரியும்.

இப்போ அங்கே வேலைக்கு வரலாமா? ஏஜென்ட் பணம் கட்டச் சொல்றார்.

கட்டாதீர்கள். 2024 மார்ச்சிலிருந்து கேர் வொர்க்கர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது, 2025 ஜூலை 22-லிருந்து வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேர் வொர்க்கர்களை எடுப்பதே நின்றுவிட்டது. மற்ற வேலைகளுக்கும் பொதுவாக வருடச் சம்பளம் குறைந்தது 41,700 பவுண்ட் என்று அதே நாளில் ஏற்றினார்கள். ஸ்பான்சர்ஷிப்புக்கு, அதாவது விசாவுக்காக நிறுவனம் தரும் சான்றுக்கு, பணம் கேட்பவர் உங்களை ஏமாற்றுகிறார். நகையை விற்று வந்து, சொன்ன வேலை இல்லாமல் மூன்று பேர் ஒரே அறையில் படுத்திருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் அரசுத் தளத்தை நீங்களே ஒருமுறை படித்துவிட்டு முடிவெடுங்கள்.

நீங்க எந்தக் கட்சி?

இதுவரை மூன்று கட்சிக்கு ஓட்டுப்போட்டிருக்கிறேன். உள்ளாட்சியில் எப்போதும் மின்னஞ்சலுக்குப் பதில் போடும் கவுன்சிலருக்குத்தான்.

இத்தனை குறை சொல்றீங்களே, அப்புறம் ஏன் அங்கேயே இருக்கீங்க?

ஒரு மார்ச் மாத இரவு, கவுன்சில் வீட்டுவசதிக் குழுக் கூட்டம். எழுபது தாண்டிய ஒரு பெண்மணி, யாழ்ப்பாணத்துக்காரர், ஒன்பதாவது மாடியில் வசிப்பவர், கையில் நீலநிற ஃபைல். லிஃப்ட் வேலை செய்யாத நாட்களைத் தேதிவாரியாக எழுதி வைத்திருந்தார். பொதுமக்களுக்குப் பேச மூன்று நிமிடம் உண்டு. ஆங்கிலம் தடுமாறியது, ஆனால் தேதிகளை ஒவ்வொன்றாக வாசித்தார், அறுபத்து மூன்று தேதி. தலைவர் இடையில் நிறுத்தவில்லை. மணி அடித்த பிறகும், முடித்துவிடுங்கள் அம்மா என்று விட்டார். அதிகாரி எழுந்து இத்தனை வாரத்துக்குள் மோட்டாரை மாற்றுகிறோம் என்று சொன்னதைக் கூட்டக்குறிப்பில் ஏற்றினார்கள்.

ஆறு வாரம் கழித்து நான் போனபோது லிஃப்டிலேயே மேலே போனேன். அந்தக் கூட்டக்குறிப்பின் அந்தப் பக்கத்தை மட்டும் பிரின்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதே நீல ஃபைலில் கடைசியாக வைத்திருந்தார். எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்ததாகப் படிக்கட்டு விளக்கைப் பற்றி எழுத ஒரு புதுத் தாளை எடுத்தார்.